கல்லாவிலிருந்து குடிநோய் ஆலோசனைக்கு வர விரும்புவோருக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் பல ஆண்டுகள் கொப்பரை வியாபாரம் செய்துவிட்டு, 46 வயதில் குடிநோய் ஆலோசகர் பயிற்சிக்குச் சேர்ந்தவன் நான். கள்ளுக்குப் பேர்போன இந்தச் சித்தூர் வட்டாரத்தில், குடியால் நொடித்த குடும்பங்களைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்து மனம் கனத்த வியாபாரிகள் சிலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடையை உடனே விற்றுவிடாதீர்கள். வாரத்தில் 2 நாள் பொறுப்பை வீட்டாரிடம் விட்டுவிட்டு, ஒரு மீட்பு மையத்தில் 6 மாதமாவது தொண்டராக இருந்து பாருங்கள். குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் திறந்த கூட்டங்களில் குடிப்பழக்கம் இல்லாதவர்களும் உட்கார்ந்து கேட்கலாம். 1935-ல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்தவர். ஆலோசகரின் சம்பளம் கடை வருமானத்துக்கு ஈடாகாது என்பதால், 2 ஆண்டு வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைத்த பிறகே இறங்க வேண்டும்.

பட்டம் பெற்றவர்கள் இக்னோ என்னும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணி முதுகலையை வேலையை விடாமலே படிக்கலாம்; அதில் களப்பணியும் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை இத்துறையினருக்குப் பயிற்சி அளித்துவருகிறது.

படிப்பைவிடக் கடினமானது, வியாபாரப் பேச்சை விடுவது. என்னிடம் முதலில் வந்த லாரி ஓட்டுநருக்குக் கை அப்படி நடுங்கியது. மையத்துச் சமையல்கார அம்மா அவருக்கு அரை டம்ளர் டீதான் ஊற்றுவார், நிறைய ஊற்றினால் வாய்க்குப் போவதற்குள் சிந்திவிடும். விலை படிய வைப்பதுபோல் அரை மணி நேரம் பேசி, 'இனிக் குடிக்க மாட்டேன்' என்று அவரிடம் வாக்கு வாங்கினேன். மறுவாரம் அவர் வரவேயில்லை. அந்த அரை மணியில் அவர் எத்தனை வார்த்தை பேசினார் என்று என் பயிற்றுநர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குடியை விட வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வரவேண்டும். அதுவரை கேள்வி கேட்டுக் காத்திருப்பதுதான் நம் வேலை.

நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவரிடம், வீட்டிலேயே சட்டென்று நிறுத்திவிடுங்கள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நிறுத்திய முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவர், பிறகே நாம். "சோத்துல மாத்திரையக் கலந்து குடுத்தா அவருக்குத் தெரியாதுங்களே அண்ணா" என்று கேட்கும் பெண்கள் உங்களிடமும் வருவார்கள். அவர்கள் சொல்லும் மாத்திரை டைசல்ஃபிராம், குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் மருந்து. அது உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும் என்பதைக் கடிந்துகொள்ளாமல் விளக்கி, கணவரோடு மருத்துவரிடம் வருவதற்கு அன்றே நாள் குறித்துக் கொடுங்கள்.

ஆலோசனைக்கு வருபவருக்குக் கடன் கொடுக்காதீர்கள். பஸ் கூலிக்கென்று கேட்டாலும் மையத்தின் வழியாகவே கொடுங்கள். கைமாற்று வாங்கியவர் அதைத் திருப்பித் தர முடியாத கூச்சத்தில் அடுத்த முறை வராமல் இருந்துவிடுவார்.