கண்ணாடி நீர் பாரோமீட்டர்: தண்ணீர் நிரப்பி, சரியாகப் பார்ப்பது எப்படி?

காற்றழுத்தம் ஏறி இறங்குவதைத் தண்ணீர் மட்டத்தால் காட்டும் கருவி இது. கெண்டி மாதிரியான கண்ணாடிப் பாத்திரம், மேலே வாய் கிடையாது. அடியில் தொடங்கி மேலே ஏறும் மூக்கு மட்டும் திறந்திருக்கும். நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் இதற்கு ‘இடிக்கண்ணாடி’ என்று பெயர். ஜெர்மன் கவிஞர் கதேயும் ஒன்று வைத்திருந்ததால் அவர் பெயராலும் விற்கிறார்கள்.

உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் நீங்கள் நிரப்பிய நேரத்தின் அழுத்தம். வெளியே அழுத்தம் குறைந்தால் மூக்கில் தண்ணீர் ஏறும், கூடினால் இறங்கும்.

தேவையானவை: அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், உணவு நிறமி 2 சொட்டு, 50 மில்லி ஊசி இல்லாத சிரிஞ்ச், மருந்துக்கடை ட்ரிப்ஸ் டியூப் ஒரு முழம், அறை வெப்பமானி. போர் தண்ணீர் வேண்டாம், மூக்கில் வெள்ளை உப்பு படியும். நிறமி அதிகமானால் கண்ணாடியில் கறை பிடிக்கும்.

1. மழை மிரட்டாத, புழுக்கமும் அதிகமில்லாத சாதாரண நாளில் நிரப்புங்கள். புயல் சின்னத்தின்போது நிரப்பினால் வானம் தெளிந்ததும் மூக்கில் தண்ணீர் கீழே போய்விடும்.

2. மூக்கு சேரும் இடம் மேலே வரும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். டியூபை மூக்கு வழியாக உள்ளே விட்டு, சிரிஞ்சால் மெதுவாக, பாதி அளவுக்கு நிரப்புங்கள். டியூப் மூக்கைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். காற்று வெளியேற இடமில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நிமிர்த்தியதும் தண்ணீர் மூக்கு வழியே கொட்டும்.

3. அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். கைச்சூடு உள்ளே இருக்கும் காற்றை விரியச் செய்யும். பிறகு துணியால் பிடித்து, மூக்கு சேரும் இடம் தண்ணீருக்கு மேலே வரும் வரை ஒருமுறை சாய்த்து நிமிர்த்துங்கள். இப்போது உள்ளும் வெளியும் ஒரே மட்டம். அந்த மட்டத்தில் மெல்லிய டேப் ஒட்டி, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். அறை 1 டிகிரி சூடானாலே, வெளியே அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்தத்தின் அலகு) மேல் குறைந்ததுபோல் தண்ணீர் ஏறும். நம் ஊரில் தினமும் காலை 10 மணியளவில் அழுத்தம் உச்சத்திலும், மாலை 4 மணியளவில் தாழ்விலும் இருக்கும். மாலையில் சூடும் சேர்ந்துகொள்வதால் மட்டம் எப்படியும் ஏறித்தான் இருக்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துத்தான் ‘இன்று மழை’ என்று ஏமாறுகிறார்கள். தினமும் ஒரே நேரத்தில், வெப்பமானி நீங்கள் குறித்த அளவைக் காட்டும்போது மட்டும் பாருங்கள். நேற்றைய அதே நேரத்தைவிட மட்டம் தெளிவாக ஏறியிருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு: வெளியே அழுத்தம் நிஜமாகவே குறைந்திருக்கிறது, மழைக்கு வாய்ப்பு உண்டு.

1 ஹெக்டோபாஸ்கலுக்கு 1 செ.மீ. ஏறும் என்பது ஏட்டுக்கணக்கு. தண்ணீர் மூக்குக்குள் போகப் போக உள்ளே காற்றுக்கு இடம் கூடுவதால் அவ்வளவு ஏறாது. 250 மில்லி காற்றும் 8 மி.மீ. துளையும் என்றால் 3 மி.மீ. சுமாருக்குத்தான். பெரிய வயிறு, மெல்லிய மூக்கு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

மேற்குச் சுவர், சமையலறை, ஏசி அறை மூன்றும் ஆகாது. மூக்கடியில் சிறு கிண்ணம் வையுங்கள், புயல் நேரத்தில் சொட்டும். சமவெளியில் நிரப்பி ஊட்டிக்குக் கொண்டுபோனால் மூக்கு வழியே பீய்ச்சிக் கொட்டும். காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்புங்கள். மூக்கில் தண்ணீர் ஆவியாகிக் குறையும், மாதம் ஒருமுறை சில சொட்டு ஊற்றி, மூன்றாம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.