எலி மிதந்தால் மறதியா?

மூலிகைச் சாறு கொடுத்து எலியின் நினைவாற்றலைச் சோதிக்க மாணவர்கள் ஆண்டுதோறும் எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். கையுறை, எடை, குறிப்பேடு எல்லாம் அவர்களுக்கே தெரியும். எலிகளையும் காசையும் விழுங்கும் தவறுகள் வேறு.

நொடியை மட்டும் எண்ணுவது

மோரிஸ் நீர்ப்புதிர்த் தொட்டியில், தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும் மேடையைச் சுவரில் உள்ள அடையாளங்களை வைத்து எலி கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை நொடி ஆனது என்று எல்லோரும் குறிக்கிறார்கள். அந்த நொடிக்குள் நினைவு மட்டுமா இருக்கிறது? நீச்சல் வேகம், கண்பார்வை, வெளியேறும் அவசரம் எல்லாம் கலந்திருக்கின்றன. சென்னையில் அந்த அவசரம் மொட்டைமாடித் தொட்டியைப் பொறுத்தது. மே மாத மதியம் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான். தண்ணீர் சுமார் 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் எலி தப்பிக்கப் பார்க்கும். சூடாக இருந்தால் சும்மா மிதக்கும்.

ஒரு மாணவி சாறு குடித்த சுண்டெலிகளைக் காலையிலும், குடிக்காதவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகும் விட்டார். வரைபடம் அவ்வளவு அழகு! வீடியோவைப் போட்டுப் பார்த்தால், மதியத்துக் கூட்டம் மல்லாக்காகக் கிடக்காத குறைதான். அல்சைமர் (மறதி நோய்) மூளையைப் போல அமிலாய்டு என்ற புரதம் படிவதற்காக மாதக்கணக்கில் வளர்த்த மரபணு மாற்றிய சுண்டெலிகள் அவை. மறுபடி கேட்டால் நெறிமுறைக் குழு சும்மா விடுமா? இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஒவ்வொரு வேளையிலும் எல்லாக் குழுக்களையும் கலந்து விடுங்கள். எது எந்தக் குழு என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டர் வையுங்கள். (ஐஸ் போடுகிறேன் பேர்வழி என்று, கட்டி கரைவதற்குள் எலியை இறக்குகிறவர்களும் உண்டு.) நீந்திய தூரம், வேகம் இரண்டும் வேண்டும். மேடையைக் கண்ணுக்குத் தெரிய வைத்து ஒரு சோதனை, கடைசியில் மேடையை எடுத்துவிட்டு, தொட்டியின் நான்கு பகுதிகளில் எதில் தேடுகிறது என்று இன்னொன்று. சில ஆய்வக இனங்கள் விழித்திரைக் குறைபாட்டால் சின்ன வயதிலேயே பார்வை இழக்கின்றன. அவற்றுக்கு எந்தச் சாறும் சுவரைக் காட்டாது.

ஸ்கோபொலமைன் போட்டுவிட்டு அல்சைமர் என்பது

ஸ்கோபொலமைன், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினின் ஏற்பிகளைத் தற்காலிகமாக அடைக்கும் மருந்து. அல்சைமரில் காணும் அமிலாய்டு படிவும் டாவ் புரத முடிச்சும் அங்கே கிடையாது. செடிச்சாறு அந்த மறதியைக் குறைத்தால், அசிட்டைல்கோலினைக் கூட்டியிருக்கலாம். டாஃபடில் வகைச் செடிகளில் கிடைக்கும் கேலன்டமைன் என்ற அல்சைமர் மருந்தும் அப்படித்தான் வேலை செய்கிறது. அறிகுறியைத் தணிக்கும், நோயை நிறுத்தாது. அப்புறம் சாறு அல்சைமரைத் 'தடுத்தது' என்று எழுதுவது எப்படி?

கடைப் பொட்டலம்

'பிரமி' என்று கேட்டால் நீர்ப்பிரமியும் வரும், வல்லாரையும் வரும். தாவரவியலாளரிடம் காட்டுங்கள்.

மூளைக்குப் போனதா?

மஞ்சளில் உள்ள குர்குமினை வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. மூளையில் அளந்து பாருங்கள், அல்லது மூளையில் வேலை செய்தது என்று எழுதிய பத்தியை எடுத்துவிடுங்கள்.