கடல் உள்ளே வந்தால் கடல் மட்டம்தான் காரணமா? கடற்கரையைத் தப்பாகப் படிக்கும் வழிகள்

கரையோரத்தில் ஒரு தென்னை மரம் சாய்ந்தால் போதும், ‘பனி உருகுது, கடல் ஏறுது’ என்று அன்றைக்கே ஒரு வீடியோ வந்துவிடுகிறது. பனி உருகுவதும் கடல் மட்டம் உயர்வதும் உண்மைதான், அதில் தகராறு இல்லை. ஆனால் அந்த மரம் சாய்ந்ததற்கு அதுதான் காரணம் என்று எப்படித் தெரியும்? கரைக்கோடு நகர்வதையும் கடல் மட்டம் மாறுவதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் இதில் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக உயர்ந்தது சுமார் 20 செ.மீ. 2006-க்குப் பிறகான வேகம் ஆண்டுக்குச் சுமார் 3.7 மி.மீ. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டிய பிறகு, நகரத்தின் மணல் கடற்கரை மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. மில்லிமீட்டர் கணக்கில் ஏறும் கடல் இவ்வளவு வேகத்தில் ஒரு கடற்கரையைத் தின்னாது. நடந்தது வேறு. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திசை திரும்பி மணல் தெற்கே வருகிறது, கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்குப் பக்கம்தான். நடுவில் ஒரு சுவரை நீட்டினால் அதன் தெற்கே மணல் தேங்கும், வடக்கே வர வேண்டிய மணல் வராது. அலை மட்டும் வழக்கம்போல அரித்துக்கொண்டே இருக்கும்.

சென்னையிலும் இதே கதைதான், நூறு ஆண்டு முன்னதாக. 1870களில் துறைமுக வேலை தொடங்கிய பிறகு தெற்கே சேர்ந்த மணல்தான் இன்று நாம் சுண்டல் வாங்கிக்கொண்டு நடக்கும் அகலமான மெரினா. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பல பத்தாண்டுகளாக அரிப்பு. ஒரே ஊர், ஒரே கடல் மட்டம், ஒரு பக்கம் கரை வளர்ந்தது, இன்னொரு பக்கம் கரை போனது. மெரினாவை இயற்கையின் கொடை என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள்.

அடுத்தது, இரண்டு செயற்கைக்கோள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு சொல்வது. எந்த மாதம் எடுத்த படம்? ஏற்றத்திலா வற்றத்திலா? சென்னைப் பக்கம் பெரிய ஏற்ற வற்றத்தின் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரை என்று வைத்துக்கொண்டால், அதற்கே நீர்க்கோடு 20 மீட்டர் முன்னும் பின்னும் போய்வரும். போதாக்குறைக்குப் புயல் மாதங்களில் அலை மணலை வழித்து கரைக்கு அருகிலேயே நீருக்கடியில் திட்டாகப் போட்டு வைக்கும், அமைதியான மாதங்களில் அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பித் தரும். டிசம்பர் படத்தையும் ஏப்ரல் படத்தையும் ஒப்பிட்டு ‘கடல் விழுங்கிவிட்டது’ என்பது மழைக்காலத்தில் ஏரியைப் பார்த்துவிட்டு ஊரில் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை என்பது மாதிரி. ஒரே பருவம், ஒரே நீர்நிலை, குறைந்தது சில பத்தாண்டுப் படங்கள், இதெல்லாம் இருந்தால் பேசலாம்.

அப்புறம், கடல் மட்டம் உலகம் முழுக்க ஒரே எண் என்ற நினைப்பு. கரைக்குத் தெரிவது நீரும் நிலமும் சேர்ந்த கணக்கு, நிலம் இறங்கினாலும் கடல் ஏறியது போலத்தான் இருக்கும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இது ஒரே நாளில் நடந்தது. வட அந்தமானில் தரை உயர்ந்து பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்தன. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் தரை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியில் தண்ணீர் வந்துவிட்டது. வடக்கே இருந்தவருக்குக் கடல் இறங்கியது, தெற்கே இருந்தவருக்குக் கடல் ஏறியது. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவில் உள்ள போத்னியா வளைகுடாவில், பனியுகப் பனிப் பாரம் நீங்கிய நிலம் இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருப்பதால், உலகக் கடல் உயரும் இந்தக் காலத்திலும் புதுப்புதுத் தீவுகள் தலைகாட்டுகின்றன. ஜகார்த்தாவில் நேர்மாறு, நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நகரமே இறங்குகிறது.

கொற்கையைப் பற்றிப் பேசும்போதும் இதே சறுக்கல். சங்ககாலத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது, அதனால் கடல் வற்றிவிட்டது என்கிறார்கள். கடல் எங்கும் வற்றவில்லை, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் கரையை முன்னே தள்ளியது. உலகின் பெரும்பாலான டெல்டாக்கள் சுமார் 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்துக்குப் பிந்தைய கடல் உயர்வின் வேகம் தணிந்த பிறகுதான் உருவாகத் தொடங்கின. அதுவரை ஆறு போட்ட மண்ணைக் கடல் முந்திக்கொண்டு மூடியது. வேகம் தணிந்ததும் ஆறு ஜெயித்தது. மட்டத்தைவிட, மட்டம் மாறும் வேகமும் மண் வரும் வேகமும் போடும் போட்டிதான் முக்கியம்.

குமரிக்கண்ட ஆர்வலர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை ஆழமற்றது, அதனால் அப்போது இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் ஓரளவு நிலம் வெளியே தெரிந்திருக்கும். ஆனால் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடல்தரை, முடிந்ததும் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது, 120 மீட்டர் ஏற்றத்தால் அங்கே ஒரு கண்டத்தை மூழ்கடிக்க முடியாது.

சரி, இதையெல்லாம் கேட்டுவிட்டு ‘அப்போ கடல் மட்டம் ஒரு பிரச்சினையே இல்லை’ என்று எதிர்ப்பக்கம் சாய்வது இன்னும் மோசமான தவறு. மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலே அதே புயலின் அலை இன்னும் உள்ளே வரும், கரையோரக் கிணறு இன்னும் சீக்கிரம் உப்பாகும். காவிரி டெல்டாவுக்கு இரட்டை அடி: டெல்டா மண் தன் பாரத்திலேயே அமுங்கும், அதை ஈடுகட்ட வேண்டிய வண்டலோ 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை முதலான அணைகளில் தேங்கிவிடுகிறது.

இதை அளப்பதிலும் இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஒன்று, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத இடமெல்லாம் மூழ்கும் என்று நீலமாகக் காட்டும் வரைபடம். அது நிலத்தை அசையாத பொருளாக எடுத்துக்கொள்கிறது. பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காடு சேறு கிடைத்தால் கடலோடு சேர்ந்து உயரக்கூடியது, மணல் திட்டு நகரக்கூடியது. அதே வரைபடம் புயல் அலையையும் மறந்துவிடுகிறது, ஆக இரண்டு பக்கமும் தப்பு. இன்னொன்று, 1962-ல் பெர் புரூன் என்ற கடற்கரைப் பொறியாளர் முன்வைத்த விதியை எடுத்து, கடல் ஏறும் அளவை நூறால் பெருக்கிக் கரை இவ்வளவு பின்வாங்கும் என்று அறிவித்துவிடுவது. மணல் கரையோரமாக வேறிடத்துக்குப் போகாது என்ற அனுமானத்தில் நிற்கும் விதி அது. நம் கிழக்குக் கரையில் அந்த அனுமானமே நிற்காது.

ஸ்ரீஹரிகோட்டா மாதிரி, பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே கிடக்கும் மணல் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் உயரும்போது இப்படிப்பட்ட தீவு அப்படியே மூழ்கிவிட வேண்டியதில்லை. புயலில் அலை தாண்டி வந்து முன்பக்க மணலைப் பின்பக்கம் போடும், தீவு நிலப்பக்கமாக நகரும். அது நகர இடம் வேண்டும், மணலும் வேண்டும். மேலே சாலையும் கட்டடமும் கட்டிச் சுவரும் வைத்தால் அந்த வழி அடைபடும்.

கடைசியாக, எங்கே அரிப்பு என்றாலும் கருங்கல் கொட்டு, தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல்சுவர்) போடு என்பது. போட்ட இடத்தில் பலன் கிடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அரிப்பு வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போகும், அவர்களும் கல் கேட்பார்கள், அதற்கடுத்த ஊர் காத்திருக்கும். மணல் போகும் வழியை மறிக்காமல் அலையின் வேகத்தை மட்டும் குறைப்பது வேறு வகை. புதுச்சேரியில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார் நீருக்கடியில் இரும்பால் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு நகரக் கரையில் மீண்டும் மணல் சேர்ந்தது. தூத்துக்குடிக்கு அருகே வான் தீவு ஒரு காலத்தில் சுமார் 16 ஹெக்டேர் இருந்து, பின்னால் இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போனது அதற்கு ஒரு பெரிய காரணம். அங்கே இப்போது வெட்டிய பாறைக்குப் பதிலாகக் கான்கிரீட் பாறைகளைக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள்.