முகத்தில் ஏற்கனவே என்ன இருக்கிறது? புது பியூட்டிஷியன்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பெல்லாம் பார்லருக்கு வருகிறவர் முகத்தில் அதிகம் போனால் கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் பட்டிருக்கும். ப்ளீச்சோ, ஆசிட் தடவித் தோலின் மேலடுக்கை உரிக்கும் பீலோ, வீரியமான எதுவும் முதலில் நம் கையால்தான் படும். இப்போது புதுச்சேரியில் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் அலமாரியில் நயசினமைடு, வைட்டமின் சி சீரம், ரெட்டினால், கிளைகாலிக் டோனர் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. கொரியப் பெண்களின் கண்ணாடி போன்ற சருமத்தை போனில் காட்டி, "இது மாதிரி வேணும்க்கா" என்கிறார்கள். நம் வேலை அங்கேதான் மாறிவிட்டது. என்ன போடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், இதுவரை என்னவெல்லாம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னிடம் தொழில் கற்க வரும் பெண்கள், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். கை கழுவுவது, டவல் மாற்றுவது எல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"சென்சிடிவ் ஸ்கின்னா?" என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கிற தவறு இது. அந்தக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். மருந்து ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டாலும் இல்லை என்பார்கள். அவர்களுக்கு அது மருந்து இல்லை, க்ரீம்.

கடலூர்ப் பெண் ஒருத்தி. திருவந்திபுரத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்பு வேறொரு பார்லரில் மேலுதட்டுக்கும் தாடைக்கும் வாக்சிங் செய்திருக்கிறார்கள். பட்டையை இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்துவிட்டது. மேக்கப் பேச என்னிடம் வந்தபோது மூக்குக்குக் கீழே பொருக்கு கட்டியிருந்தது.

"முகத்துக்கு என்னம்மா போடுற?"

"ஒண்ணும் இல்லக்கா, மாய்ஸ்சரைசர்தான்."

"ராத்திரி?"

"ராத்திரி பருவுக்கு ஒரு ஜெல் போடுவேன்."

அடபலீன் ஜெல். அந்த பார்லரில் ஏதாவது கேட்டார்களா என்றேன். "சென்சிடிவ் ஸ்கின்னான்னு கேட்டாங்க, இல்லன்னு சொன்னேன்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. கேட்டவர் சரியாகக் கேட்கவில்லை.

ரெட்டினால், அடபலீன், ட்ரெட்டினாயின் எல்லாம் ஒரே குடும்பம். தோலின் மேலடுக்கு செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை இவை தளர்த்துகின்றன. சாதாரணமாக வாக்ஸ் முடியோடு செத்த செல்களை மட்டும்தான் எடுக்கும். தளர்ந்த தோலில் உயிருள்ள அடுக்கையும் உரித்துவிடும். இவற்றைப் போடுகிறவர்களுக்கு முகத்தில் வாக்சிங் வேண்டாம், த்ரெட்டிங் செய்யுங்கள். வாக்சிங்தான் வேண்டும் என்றால் க்ரீமை நிறுத்தி ஒரு வாரமாவது போகட்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, மாத்திரையை நிறுத்தி 6 மாதம் ஆகும்வரை வாக்ஸைத் தொடவே கூடாது.

பொருக்கு உதிர்ந்தாலும் விஷயம் முடியாது. தோலின் நிறத்தையும் அது வெயிலைத் தாங்கும் விதத்தையும் வைத்து 1 முதல் 6 வரை வகை பிரிக்கும் பிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் நம் ஊர்த் தோல் பெரும்பாலும் 4, 5 வகை. எங்கே எரிந்தாலும் உரிந்தாலும் அங்கே கருமை படியும், மங்குவதற்கு மாதக் கணக்காகும். அந்தப் பெண்ணின் கல்யாண ஆல்பத்தில் பவுண்டேஷன் பிடிக்காமல் நின்ற அந்த இடம் அப்படியே இருக்கிறது. ஒரு நிமிடம் சரியாகக் கேட்டிருந்தால் நடந்திருக்காது.

சரி, எப்படிக் கேட்பது? நேரம் பிரித்துக் கேளுங்கள். காலையில் என்ன, குளித்ததும் என்ன, படுக்கும் முன் என்ன. பருவுக்கு, மங்குக்கு, தலைமுடிக்கு டாக்டரிடம் போனார்களா. ஆன்லைனில் கடைசியாக என்ன வாங்கினார்கள். அப்புறம், ட்யூபையும் பாட்டிலையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் மறந்தவர்கள்கூட டப்பாவை அடையாளம் காட்டிவிடுவார்கள்.

அந்தப் போட்டோக்களில் ஒரு க்ரீமைத் தனியாகத் தேடுங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்தது. மங்குக்கு டாக்டர் பார்வையில் சில வாரம் மட்டும் போட வேண்டிய மருந்து. அதில் இருக்கும் மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் அக்கா போட்டாள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று வருஷக் கணக்கில் சிவப்பழகு க்ரீமாகப் பூசுகிறவர்களைப் பார்க்கிறேன். கன்னம் இயல்பாக இல்லாமல் சிவந்திருக்கும், மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரியும், பூனைமுடி கூடியிருக்கும், வெயிலில் நின்றால் எரியும். இந்த முகத்துக்கு பேஷியல், ஸ்கிரப், பீல், ஆவி எதுவும் கூடாது.

இங்கேயும் புதியவர்கள் அவசரப்பட்டு, "அதை இன்னைக்கே நிறுத்திடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் சில நாளில் முகம் முழுக்கச் சிவந்து பொங்கும். பயந்துபோய் அவர்கள் மறுபடியும் அதே க்ரீமைத்தான் எடுப்பார்கள். எப்படிக் குறைப்பது என்பதைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது, அனுப்பி வையுங்கள். அன்றைய வருமானம் போனால் போகட்டும்.

எல்லா பீலையும் ஒன்றாக நினைப்பது

சாலிசிலிக் பீலில் முகத்தில் வெள்ளைப் படலம் வந்தால் பதற வேண்டாம். திரவம் ஆவியாகி ஆசிட் படிகமாகத் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கிளைகாலிக்கில் தோல் வெளுத்தால் ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள். அந்த நொடியே நியூட்ரலைஸ் செய்யுங்கள், அதாவது ஆசிட்டின் வேலையை நிறுத்தும் கரைசலைப் போடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். ஏற்கனவே தினமும் ஆசிட் டோனர் போடும் முகத்தில் போன முறை தாங்கிய அதே நேரத்தை இந்த முறை தாங்காது.

உச்சி வெயிலில் அனுப்புவது

பீல் முடித்துவிட்டு மதியம் ஒரு மணிக்கு ஸ்கூட்டியில் கடலூர் வரை போகிற கஸ்டமருக்கு நம் சன்ஸ்கிரீன் போதாது. அவர்களுக்குச் சாயங்கால நேரம் கொடுங்கள்.

லேசருக்குப் போகிறவருக்கு வாக்சிங்

முடியை நீக்கும் லேசர், முடியின் வேர் இருந்தால்தான் வேலை செய்யும். வாக்ஸ் அந்த வேரையே பிடுங்கிவிடும். ஷேவ் மட்டும்.

குளுட்டாதயோன் ஊசி

சிவப்பழகுக்கு என்று போடும் ஊசி இது. தொடாதீர்கள்.

கல்யாண வாரத்தில் புது சிகிச்சை

மணப்பெண்ணே கெஞ்சினாலும் மாட்டேன் என்று சொல்லிப் பழகுங்கள். கடைசி வாரத்தில் அவள் முகத்துக்குப் பழகிய கிளீன்-அப்பும் த்ரெட்டிங்கும் போதும். பீல் தேவைப்பட்டால் இரண்டு மாதம் முன்பே காதுக்குப் பின்னால் பேட்ச் டெஸ்ட் செய்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். ஆடியில் பார்லர் காலியாக இருக்கும். ஆவணி, ஐப்பசிக்கு நாள் குறித்த வீடுகளுக்கு அந்த மாதமே போன் செய்து, பெண்ணை அவள் போடும் டப்பாக்களோடு வரச் சொல்லுங்கள்.