இல்லாத கடைக்கு லோகோ வரைவது எப்படி

டிசைன் படிக்கும்போது நம்மை நம்பி யாரும் வேலை தரமாட்டார்கள், ஆனால் வேலை தேடும்போது காட்ட போர்ட்ஃபோலியோ, அதாவது நம் படைப்புகளின் தொகுப்பு வேண்டும், அதனால் எல்லோரும் கற்பனைக் கடைகளுக்கு லோகோ வரைகிறோம். நல்ல பயிற்சிதான். நான் இரண்டாம் ஆண்டில் ஒரு காப்பிக் கடைக்குக் கோப்பையும் ஆவியுமாக ஒன்றை வரைந்து கொண்டுபோனேன். ஆசிரியர் படத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, "இந்தக் கடை காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் நான் கடையை யோசிக்கவே இல்லை, லோகோவை மட்டும்தான் யோசித்திருந்தேன்.

அதனால் முதலில் கடையைக் கட்டுங்கள். பூக்கடை என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் தேக்காவில் இறங்கி பஃபலோ ரோட்டுக்குப் போய், ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு சற்று நேரம் நில்லுங்கள். பூவை எந்தப் பையில் போட்டுத் தருகிறார்கள், பலகையில் எத்தனை மொழி இருக்கிறது, வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் போகிற அவசரத்தில் வருகிறவர் பலகையைப் பார்க்கிறாரா, மாலையைப் பார்க்கிறாரா என்றெல்லாம் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து அரைப் பக்கம் எழுதுங்கள்: யார் கடை, யார் வாங்குகிறார்கள், லோகோ எங்கெல்லாம் ஒட்டப்படும். இந்த அரைப் பக்கம்தான் உங்கள் வாடிக்கையாளர், இது இல்லாமல் பென்சிலை எடுக்காதீர்கள்.

அடுத்து பெயர். நான் 'கோதை' என்று வைக்கிறேன், மாலை என்றும் பொருள், பெண் என்றும் பொருள். அதே பெயரில் இங்கே நிறுவனம் இருக்கிறதா என்று நிறுவனங்களைப் பதிவு செய்கிற அரசு அமைப்பான ஆக்ராவின் (ACRA) பிஸ்ஃபைல் தளத்தில் இலவசமாகத் தேடலாம், இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இப்போது 'கோ' என்ற எழுத்தைப் பெரிதாக எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் இரட்டைக்கொம்பு, வலப்பக்கம் கால், நடுவில் க. கழுத்தில் போட்ட மாலை இரண்டு தோளிலும் இறங்குகிற மாதிரி இல்லையா? தனியாகப் பூப்படம் எதற்கு, மாலை எழுத்துக்குள்ளேயே இருக்கிறது! தமிழில் லோகோ வரைகிறவர்களுக்குக் கிடைக்கிற பெரிய வசதி இது, இதை விட்டுவிட்டு நாம் ஏன் ஆங்கில எழுத்தையே பிடித்துத் தொங்குகிறோம் என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. கறுப்புப் பேனாவால், தீப்பெட்டி அளவில், முப்பது நாற்பது 'கோ' வரையுங்கள். முதல் பத்து எல்லோருக்கும் வருவது, அதற்கப்புறம்தான் உங்களுடையது வரும்.

கணினிக்குப் போனதும் ஒரு சிக்கல் வரும். லோகோ வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் தமிழை அப்படியே ஒட்டினால் கொம்பு இடம் மாறி எழுத்து உடைந்து நிற்கலாம். பத்திப் பலகத்தின் (Paragraph) மெனுவில், நம் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற தெற்காசிய கம்போசரை (South Asian Composer) தேர்ந்தெடுங்கள். அது கண்ணில் படவில்லை என்றால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் இண்டிக், அதாவது இந்திய மொழித் தெரிவுகளைக் காட்டச் சொல்லுங்கள். இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வரையும் மென்பொருள் இலவசம், அதில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துருவுக்கு கேட்டமரான், பலூ தம்பி, ஹிந்த் மதுரை மூன்றையும் கூகுள் ஃபான்ட்ஸில் இறக்கிக்கொள்ளலாம், திறந்த உரிமம் என்பதால் வளைவுகளை வெட்டி மாற்றவும் தடையில்லை. எதை மாற்றினாலும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டி இருந்தால் பாட்டியிடமே காட்டுங்கள், அவர் தயங்கினால் கடைக்கு வருகிறவரும் தயங்குவார்.

பலகையில் ஆங்கிலமும் வேண்டும், இது சிங்கப்பூர். தமிழை முதலில் முடித்துவிட்டு, கோட்டின் தடிமன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற வரை ஆங்கிலத்தைச் சரிசெய்யுங்கள். ஒரே பாயின்ட் அளவு கொடுத்தால் இரண்டும் சமமாகத் தெரியும் என்று நம்பாதீர்கள்.

நிறம் கடைசியில்தான். கறுப்பு வெள்ளையில் நிற்காத லோகோவை எந்தச் சிவப்பும் காப்பாற்றாது, தவிர பிளாஸ்டிக் பையில் ஒரே மையில்தான் அச்சடிப்பார்கள் என்று வைத்துக்கொண்டே வரையுங்கள். 16 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள், கொம்பின் சுழி அடைத்துக்கொள்கிறதா? அடைத்தால் சுழியைத் திறந்துவிடுங்கள், அல்லது சிறிய அளவுக்கென்று தனி வடிவம் செய்யுங்கள். அப்புறம் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பத்துக் காலடி தள்ளி நின்று பாருங்கள்.

போர்ட்ஃபோலியோவில் பன்னிரண்டு மாக்கப் (லோகோவைப் பொருளில் ஒட்டிக் காட்டும் மாதிரிப் படம்) வேண்டாம், பை, பலகை, கைபேசியில் பணம் செலுத்துவதற்கான பேநவ் ஸ்டிக்கர் மூன்று போதும். அவற்றின் பக்கத்தில் அந்த அரைப் பக்கத்தையும், தோற்றுப்போன சில 'கோ'க்களையும் வையுங்கள், நேர்காணலில் பேச்சு அவற்றில்தான் சூடு பிடிக்கும். 'கற்பனைக் கடை, மாணவர் பயிற்சி' என்று கீழே தெளிவாகப் போட்டுவிடுங்கள்.