நாய் நோயுற்றால் காலைவரை காத்திருக்கலாமா, உடனே கிளம்ப வேண்டுமா?

எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, கொல்லைப்புறத்தில் நின்றபடி ஓயாமல் ஓங்கரித்துக்கொண்டிருந்தது. வெள்ளை நுரையும் எச்சிலும் வந்தனவே தவிர, தின்ற சோற்றில் ஒரு பருக்கைகூட வெளியே வரவில்லை. புல்லைத் தின்றிருக்கும், வாந்தி எடுத்தால் சரியாகிவிடும் என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு விலாவுக்குக் கீழே கையை வைத்தபோது வயிறு மத்தளம்போல் விறைத்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருந்தது. இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு, இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்ட நிலை அது. அன்றிரவே அறுவைச் சிகிச்சை நடந்ததால் நாய் பிழைத்தது. வீணாக்கிய அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவசரத்தை அறிய வேண்டுமென்றால், நாய் நலமாக இருக்கும் நாட்களிலேயே அதன் இயல்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதலில் ஈறு. மேலுதட்டை மெல்லத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈற்றைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் அழுத்திய இடம் வெளுத்து, 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ்க்கண்ணிமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம். அடுத்தது மூச்சு. நாய் ஆழ்ந்து உறங்கும்போது மார்பு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரும்பாலும் 30-ஐத் தாண்டாது. அடுத்தது உடல் வெப்பம். ஆசனவாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாக இருந்தால் நலம் என்று ஊரெல்லாம் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். வெயிலில் படுத்து எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும்.

இந்த மூன்றையும் அறிந்தவருக்குப் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஈறு வெளுத்திருந்தால் இரத்தம் எங்கோ வெளியேறுகிறது, அல்லது உடலெங்கும் சரியாகப் பாயவில்லை. நீலம் பாரித்திருந்தால் உயிர்க்காற்று போதவில்லை. மஞ்சளாக இருந்தால் கல்லீரல் கெட்டிருக்கலாம், அல்லது இரத்தச் சிவப்பணுக்கள் அழிந்துகொண்டிருக்கலாம். செங்கல் நிறமாக இருந்தால் வெப்பத்தாக்கம் அல்லது கடும் நச்சேற்றம் என்று கொள்ள வேண்டும். இவற்றில் எதைக் கண்டாலும், மணி இரவு இரண்டானாலும், கிளம்ப வேண்டியதுதான்.

மூச்சுத் திணறலுக்குக் காத்திருப்பு என்பதே கிடையாது. நாய் படுக்க மறுத்து, முழங்கைகளை அகட்டி, கழுத்தை முன்னே நீட்டி, வயிற்றை உள்ளிழுத்து உள்ளிழுத்து மூச்சு விடுமானால் அதற்குக் காற்று போதவில்லை என்று பொருள். அப்போது அதன் வாயைப் பிடித்து மருந்து ஊற்றுவதோ, மல்லாத்திப் போட்டுப் பார்ப்பதோ உயிருக்கே ஆபத்தாக முடியும். அது எப்படி இருக்க விரும்புகிறதோ அப்படியே வைத்து வண்டியில் ஏற்றுங்கள்.

முதலில் சொன்ன இரைப்பை முறுக்கம், நெஞ்சுக்கூடு ஆழமாக அமைந்த பெரிய நாய்களுக்கே அதிகம் வருகிறது. ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் வளர்ப்பவர்களும், நம் நாட்டு வேட்டை நாய்களை வளர்ப்பவர்களும் ஓர் அடையாளத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: ஓங்கரிக்கிறது, ஆனால் எதுவும் வரவில்லை. அதனுடன் நாய் நிலைகொள்ளாமல் எழுந்தும் படுத்தும், வயிற்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டும் இருந்தால், வயிறு உப்பும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு ஆழமான நாய்களில் உப்பிய இரைப்பை விலா எலும்புக்குள் மறைந்திருப்பதும் உண்டு.

கத்திரி வெயில் காலத்தில் வெப்பத்தாக்கம் பல நாய்களைக் கொல்கிறது. நாய்க்கு நம்மைப்போல் உடலெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களால் அதையும் சரியாகச் செய்ய முடியாது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குள் கட்டிய நாயும், நிறுத்திய காருக்குள் விட்ட நாயும் சில நிமிடங்களில் விழுந்துவிடும். இரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாகிக் கயிறுபோல் தொங்கி, ஈறு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் வெப்பம் 105 டிகிரியை நெருங்கிவிட்டது என்றே கொள்ளுங்கள். இந்த ஒரு நிலையில் மட்டும் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்: நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியை நேராக வைத்துவிட்டு, பிறகு புறப்படுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். வெப்பம் 103.5-க்கு இறங்கியதும் குளிர்விப்பதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். நாய் எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்; சிறுநீரகமும் இரத்தம் உறையும் தன்மையும் அடுத்த இரண்டொரு நாளில் கெடுவது உண்டு.

நஞ்சைப் பொறுத்தவரை, அடையாளம் தெரியும்வரை காத்திருப்பதே பெரும் பிழை. கடைகளில் கிடைக்கும் புரோமடியோலோன் எலிக்கட்டியைத் தின்ற நாய் அன்றும் மறுநாளும் நன்றாகவே ஓடி விளையாடும். அந்த நஞ்சு, இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் செயலைத் தடுப்பதால் சில நாள் கழித்துத்தான் மூக்கிலும் மலத்திலும் நெஞ்சுக்குள்ளும் இரத்தம் கசியத் தொடங்கும். உறையை எடுத்துக்கொண்டு அன்றே சென்றால் வைட்டமின் கே-1 கொடுத்து எளிதில் காப்பாற்றிவிடலாம். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து அப்படியன்று; எச்சில் வழிதல், கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு, வலிப்பு என்று மணிக்கணக்கிலேயே முடித்துவிடும். பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது பலருக்கும் தெரியாது. தின்றதைக் கக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசலையோ எண்ணெயையோ புகட்டாதீர்கள். உப்பே நஞ்சாகிவிடும், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

தோட்டத்திலோ வயலிலோ நாய் பாம்பைக் குரைத்து மறித்திருந்தால் முகத்திலும் முன்னங்காலிலும் கடிவாயைத் தேடுங்கள். கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கமும் நிற்காத இரத்தக் கசிவும் காணும். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்தால் இமை தொங்கி, கால்கள் துவண்டு, கடைசியில் மூச்சு நிற்கும். கட்டுப்போடுவதும் கீறிவிடுவதும் கேடு. மனிதருக்குப் போடும் பாம்புக்கடி முறிமருந்தே நாய்க்கும் போடப்படுகிறது; அது எந்த மருத்துவமனையில் இருப்பில் உள்ளது என்று போனில் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

குட்டிகளுக்குத் தனிக் கணக்கு. தடுப்பூசி முடியாத குட்டி சோர்ந்து, வாந்தி எடுத்து, ஒரு தனி நாற்றத்துடன் இரத்தம் கலந்து கழிந்தால் பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோய் என்று கருதி அந்த மணியே தூக்கிச் செல்ல வேண்டும். நீரும் சர்க்கரையும் வற்றிக் குட்டி ஒரே இரவில் இறந்துவிடும். தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். ஓர் ஊசி போட்டாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. வளர்ந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் அவ்வளவு விரைவு தெரியாது; ஆயினும் சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ அன்றைய தினமே காட்டுங்கள்.

ஆண் நாய் அடிக்கடி காலைத் தூக்கி முக்கியும் சிறுநீர் சொட்டாமல் போனால் பாதை அடைத்திருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து சில வாரங்களில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, உணவை மறுத்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். சீழ் வெளியே வடியாத வகைதான் கூடுதல் ஆபத்து. குட்டி ஈனும் நாய் அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வந்தாலும் தாமதிக்காதீர்கள். ஈன்ற சில வாரங்களில் தாய் நடுங்கி, கால்கள் விறைத்து, உடல் கொதித்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிட்டது. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டாம் முறை வந்தாலோ அதுவும் அவசரமே.

எல்லாவற்றுக்கும் ஓட வேண்டியதில்லை. வளர்ந்த நாய் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது, அல்லது ஒருமுறை இளக்கமாகக் கழிந்தும் குடித்த தண்ணீரைக் கக்காமல் வைத்துக்கொள்கிறது, ஈறும் சிவப்பாக இருக்கிறது என்றால் ஒரு நாள் கவனித்திருக்கலாம். அந்த ஒரு நாளில் பாரசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள். முன்னது கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். பின்னது இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தூக்கும்போது ஒரு எச்சரிக்கை. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். மூச்சுத் திணறலும் வாந்தியும் இல்லையென்றால் துணிப்பட்டையால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். அடிபட்ட நாயைப் போர்வையில் கிடத்தி இருவராகத் தூக்க வேண்டும். தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்று வெறுங்கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். கடியோ எச்சிலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, தடுப்பூசிக்குச் செல்லுங்கள்.

இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை இன்றே கேட்டு, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியோடும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளோடும் மருத்துவமனைகள் உள்ளன. உங்களுக்கு அருகிலுள்ளதன் இரவு நேர ஏற்பாட்டை விசாரித்துக்கொள்ளுங்கள். போனில் பேசும்போது நாயின் வயது, எடை, ஈற்றின் நிறம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எப்போது தொடங்கியது, என்ன தின்றது என்ற ஆறையும் வரிசையாகச் சொன்னால், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் மேசையைத் தயாராக வைத்திருப்பார்கள்.