பூனை வளரும் வீட்டில் புதிய துணிச் சோபா: வாங்கும் முன்பே தொடங்க வேண்டிய பாதுகாப்பு

பூனை சோபாவைப் பிறாண்டுவது குறும்போ பழிவாங்கலோ அன்று. நகத்தின் மேலுறை முதிர்ந்து கழன்று விழவும், உறங்கி எழுந்த உடலை முன்னங்கால் முதல் முதுகு வரை நீட்டி முறுக்கவும், பாத மெத்தைகளுக்கு இடையேயுள்ள சுரப்பிகளின் வாசனையைப் பதித்து “இது என் இடம்” என்று அறிவிக்கவும் அதற்குப் பிறாண்டுதல் தேவைப்படுகிறது. இம்மூன்றுக்கும் ஏற்ற பொருளாக வீட்டில் பெரும்பாலும் அமைந்துவிடுவது சோபாதான்; அது கனமானது, இழுத்தாலும் அசையாது, நகம் பதியும் துணியால் மூடப்பட்டது, எல்லாரும் கூடும் இடத்தின் நடுவே இருப்பது. ஆகவே சோபாவை மூடி மறைப்பதைவிட, அதைக் காட்டிலும் பூனைக்குப் பிடித்த ஒன்றை அதன் அருகிலேயே வைப்பதுதான் பாதுகாப்பின் பெரும்பகுதி. மற்றவை எல்லாம் அதற்குத் துணை நிற்பவையே.

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு என்பதால், முதன்முறையாகப் பூனை வளர்ப்போரும், இதுவரை ஓசையின்றி வளர்த்துவிட்டு இப்போது உரிமம் பெற்றுப் பூனைக்கு அடையாள நுண்சில்லு (மைக்ரோசிப்) பொருத்தியவர்களும் புதிய சோபாவைப் பற்றித் தயக்கமின்றி யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த விளக்கம் அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

முதல் படி: துணியைத் தேர்ந்தெடுத்தல்

நீங்கள் இன்னும் சோபா வாங்கவில்லை என்றால், பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். நகம் மாட்டிக்கொள்வதற்கு நூல் வளையங்களோ தளர்ந்த இழைகளோ இருக்க வேண்டும். சுருள் நூலால் நெய்த பூக்லே, தடித்த மென்னூல் கொண்ட ஷெனில், அகன்ற இடைவெளியுடன் நெய்த லினன், சொரசொரப்பான ட்வீட் ஆகியவை கடையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் பூனை உள்ள வீட்டுக்கு ஏற்றவை அல்ல. நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபரும், வளையமில்லாமல் இழைகள் வெட்டப்பட்ட வெல்வெட்டும் நகத்துக்கு எளிதில் பிடி கொடுப்பதில்லை. பிடி கிடைக்காத பரப்பில் பூனைக்கு ஆர்வம் குறைகிறது. வெல்வெட்டில் முடி ஒட்டும் என்பது உண்மைதான், ஆனால் முடியைத் துடைத்து எடுக்கலாம். கிழிந்த இழையை அப்படி எடுக்க முடியாது.

விற்பனையாளர்கள் ‘மார்ட்டின்டேல்’ என்ற எண்ணைச் சொல்லக்கூடும். துணியை மீண்டும் மீண்டும் தேய்த்து அது எத்தனை தேய்ப்புகளைத் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை அது. வீட்டுப் பயன்பாட்டுக்கு 25,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. எனினும் அது தேய்மானத்தை அளக்கிறதே தவிர, நகம் குத்தி இழுப்பதை அளப்பதில்லை. எனவே அந்த எண்ணை மட்டும் நம்பாமல் துணியின் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, உங்கள் விரல் நகத்தால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் மேலெழும்பினால் அந்தத் துணி வேண்டாம்.

துணிக்குப் பதில் செயற்கைத் தோல் வாங்கினால் தப்பித்துவிடலாம் என்று சிலர் எண்ணுவார்கள். நகம் குத்திய துளைகள் அதில் நிரந்தரமாக நிற்கும். மேலும் பாலியூரித்தேன் பூச்சு கொண்ட தோல் நம் ஊர் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும் இயல்புடையது. கழற்றித் துவைக்கக்கூடிய உறைகள் கொண்ட துணிச் சோபாவே என் தேர்வு, முடிந்தால் ஒரு மாற்று உறையுடன். வாங்கும்போதே சோபாவின் அடிப்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். அங்கே மெல்லிய கறுப்புத் துணி மட்டும் அறையப்பட்டிருந்தால், பூனை மல்லாந்து படுத்து அதைக் கிழித்து உள்ளே புகுந்துவிடும். உயரமான கால்கள் உள்ள சோபாவில் இது அடிக்கடி நிகழ்வதால், தடித்த கேன்வாஸ் துணி ஒன்றை அடியில் அறைந்து தருமாறு கடைக்காரரிடம் கேட்கலாம்.

இரண்டாம் படி: உங்கள் பூனை எப்படிப் பிறாண்டுகிறது என்று கவனித்தல்

சோபாவைப் பதிவுசெய்த பின் அது வீடு வந்துசேரச் சில வாரங்கள் ஆவது வழக்கம். அந்த இடைவெளியை வீணாக்க வேண்டாம். பூனை நிமிர்ந்து நின்று மேலிருந்து கீழாகப் பிறாண்டுகிறதா, கால்மிதியிலோ பாயிலோ படுத்தவாறு பிறாண்டுகிறதா, எந்தப் பொருளை நாடுகிறது, எப்போது செய்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலான பூனைகள் தூங்கி எழுந்தவுடனும், நீங்கள் வெளியிலிருந்து வீடு திரும்பியவுடனும் பிறாண்டும். சோபாவின் கைப்பிடியை நாடும் பூனைக்கு நிமிர்ந்த கம்பமும், கால்மிதியை நாடும் பூனைக்குத் தரையில் வைக்கும் பலகையும் வேண்டும். கால்மிதி விரும்பிகளுக்குத் தேங்காய் நார் மிதியடியோ, அடுக்கிய அட்டைப் பலகையோ போதுமானது. அதற்காக அதிகம் செலவிட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: கம்பம்

கடைகளில் விற்கும் கம்பங்களில் பல முழங்கால் உயரமே இருக்கும். வளர்ந்த பூனை உடலை முழுமையாக நீட்ட ஏறக்குறைய 90 செ.மீ. உயரம் தேவை. கம்பத்தின் உச்சியைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வாங்க வேண்டாம். ஒருமுறை தன்மேல் சாய்ந்து விழுந்த கம்பத்தைப் பூனை மறுபடி நம்பாது, பிறகு நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அது சோபாவுக்கே திரும்பும்.

நீங்களே செய்ய விரும்பினால், 10 செ.மீ. விட்டமுள்ள மரக்கட்டை ஒன்றை எடுத்து, குறைந்தது 45 செ.மீ. சதுரமுள்ள தடித்த பலகையின் நடுவே, அடியிலிருந்து திருகாணிகளால் இறுக்குங்கள். அதன்மேல் 8 மி.மீ. தடிப்புள்ள சைசல் என்ற சொரசொரப்பான நார்க்கயிற்றைச் சுற்ற வேண்டும். கயிற்றின் தடிப்பையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 34 செ.மீ. கயிறு செல்லும், 90 செ.மீ. உயரத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு சுற்றுகளுக்கு மேல் வரும் என்பதால் 40 மீட்டர் வாங்கிவிடுவது நல்லது. பாதியில் கயிறு தீர்ந்து வேறு கயிற்றால் ஒட்டுப்போட்டால் அந்த முடிச்சைத்தான் பூனை முதலில் பிய்க்கும். இடைவெளி சிறிதும் இல்லாமல், ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றின்மேல் நெருக்கித் தள்ளி, சில சுற்றுகளுக்கு ஒருமுறை பசை தடவிச் சுற்றுங்கள். ஆணியின் தலை எங்கும் வெளியே தெரியக் கூடாது. எண்ணெய் வாசனை அடிக்கும் கயிறு வேண்டாம்.

நான்காம் படி: கம்பத்தை வைக்கும் இடம்

பலர் சறுக்குவது இங்கேதான். வாங்கிய கம்பம் பார்க்க நன்றாக இல்லை என்று சமையலறைக்குப் பின்னால் துணி காயும் மூலையிலோ சேமிப்பறையிலோ வைத்துவிடுகிறார்கள். தன் இடத்தை அறிவிப்பதற்காகப் பிறாண்டும் பூனை, யாரும் வராத மூலையில் போய் அறிவிக்குமா? கம்பம் வரவேற்பறையில், சோபாவின் கைப்பிடியை ஒட்டியே நிற்க வேண்டும். விருந்தினர் வரும்போது அழகு சற்றுக் குறையும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். கிழிந்த கைப்பிடி அதைவிட அழகற்றது.

பழைய சோபாவைப் பூனை பிறாண்டி வந்திருந்தால், அதை அகற்றியவுடன் எந்த மூலையில் பிறாண்டியதோ அந்த இடத்திலேயே கம்பத்தை வையுங்கள். இடப் பழக்கம் பூனைக்கு மிக ஆழமானது. இரண்டு பூனைகள் இருந்தால் இரண்டு கம்பங்கள் வேண்டும்; ஒன்று சோபாவின் அருகே, மற்றொன்று அவை தூங்கும் இடத்தின் அருகே. ஒரே கம்பத்தை இரண்டும் பகிர்ந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தால், அடங்கிப்போகும் பூனை சோபாவின் பின்புறத்தைத் தனதாக்கிக்கொள்ளும். பழக்கம் உறுதிப்பட்ட பிறகு, கம்பத்தை ஒரு நாளைக்கு ஒரு சாண் வீதம் நகர்த்தி, உங்களுக்கு வசதியான இடத்துக்கு அருகில் கொண்டு செல்லலாம். ஆனால் அறையைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம்.

ஐந்தாம் படி: பழக்குதல்

பூனையின் முன்னங்கால்களைப் பிடித்துக் கம்பத்தில் தேய்த்துக் காட்டாதீர்கள். பிடித்து வைப்பதைப் பூனை வெறுக்கும், அந்த வெறுப்பு கம்பத்தின்மேல் ஏறும். கம்பத்தின் மேற்பகுதியில் இறகு விளையாட்டுப் பொருளைத் தொங்கவிட்டு ஆட்டுங்கள். எட்டிப் பிடிக்கும்போது நகம் தானாகக் கயிற்றில் பதியும். பதிந்தவுடன், தாமதிக்காமல், விருப்பமான தின்பண்டத்தில் ஒரு துணுக்கைக் கொடுங்கள். கேட்னிப் என்ற மூலிகையைத் தூவுவதும் உதவும், ஆனால் எல்லாப் பூனைகளும் அதற்கு மயங்குவதில்லை, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் பொதுவாக அதைச் சட்டை செய்வதே இல்லை. சோபாவில் கை வைக்கும்போது அதட்டுவதும் அடிப்பதும் தண்ணீர் தெளிப்பதும் பயன்தருவதில்லை. நீங்கள் இருக்கும்போது செய்யக் கூடாது என்பதை மட்டுமே பூனை அதிலிருந்து கற்றுக்கொள்ளும். நீங்கள் வேலைக்குச் சென்றபின் பகல் முழுவதும் அதற்குத்தான்.

ஆறாம் படி: சோபா வந்த நாள்

ஆட்கள் சோபாவைத் தூக்கி வரும்போது வீட்டுக் கதவு நெடுநேரம் திறந்திருக்கும் என்பதால், பூனையை முதலில் படுக்கையறையில் தண்ணீருடனும் மணல் தட்டுடனும் விட்டுக் கதவைச் சாத்துங்கள். சோபாவை வைத்து முடித்ததும், பூனை வழக்கமாகப் படுக்கும் துண்டை அதன் இருக்கையில் விரித்துவிடுங்கள். தன் வாசனை ஏற்கெனவே இருக்கும் பொருளில் அதை மீண்டும் பதிக்கும் அவசரம் குறைவு.

அடுத்து, முன்பக்க மூலைகளையும் கைப்பிடிகளின் வெளிப்புறத்தையும் முதல் சில வாரங்களுக்கு மறைக்க வேண்டும். இருபுறமும் ஒட்டும் பட்டையின் பிசுபிசுப்பு பூனையின் பாதத்துக்கு அறவே பிடிக்காது. ஆனால் இங்குள்ள வெக்கையில் பசை இளகித் துணியில் தங்கிவிடக்கூடும். ஆகவே அதை நேரடியாகத் துணியில் ஒட்டாமல், தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, அத்தாளைத் துணியில் திருகிச் செருகும் ஊசிகளால் மூலையில் பொருத்துங்கள். சோபாவுடன் வரும் பிளாஸ்டிக் உறையை முழுவதுமாக அப்படியே விட்டுவைப்பது மட்டும் கூடவே கூடாது. காற்றோட்டமில்லாத துணியில் ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பூனையிடமிருந்து காப்பாற்றிய சோபாவைப் பூஞ்சணத்துக்குக் கொடுத்ததாகிவிடும். இருக்கைக்கு நெருக்கமாக நெய்த பருத்தி விரிப்பை இறுக்கமாகச் செருகி, வாரம் ஒருமுறை துவைத்துப் போட்டால் போதும்.

வாசனையால் விரட்டும் வழிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் பாச்சை உருண்டை, கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் ஆகியவை பூனைக்கு நஞ்சு. தேயிலை மரத் தைலம், ஆரஞ்சு, எலுமிச்சைத் தைலங்களும் அப்படியே. இவற்றிலுள்ள பல வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதித்திறன் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. சோபாவில் தெளித்ததைப் பூனை காலில் ஒட்டவைத்து நக்கி விழுங்கும். பெர்மெத்ரின் கலந்த பூச்சிமருந்துகள் இன்னும் ஆபத்தானவை.

ஏழாம் படி: நகம் வெட்டுதல்

இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டினால், பிறாண்டினாலும் சேதம் வெகுவாகக் குறையும். பூனை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது விரல் மெத்தையை மெல்ல அழுத்துங்கள், நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்தக் குழாயும் நரம்பும் உள்ளன. அதற்குச் சற்று முன்னால் உள்ள வெண்ணிறக் கூர்முனையை மட்டும் வெட்டுங்கள். ஒரே நாளில் எல்லா நகங்களையும் வெட்டத் தேவையில்லை. தப்பித் தவறி இரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

நகத்தின்மேல் ஒட்டும் சிலிகோன் உறைகள் நான்கு முதல் ஆறு வாரம் நிற்கும், பொறுமைசாலியான பூனைகளுக்கு மட்டும். நகத்தை நிரந்தரமாக நீக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யாராவது சொன்னால் செவிசாய்க்க வேண்டாம். அது நகம் வெட்டுவது அன்று, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் துண்டிப்பது.

எட்டாம் படி: கறையும் பிரிந்த நூலும்

சோபாவில் பூனை சிறுநீர் கழித்துவிட்டால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள். பிறகு நொதி கலந்த துப்புரவுத் திரவத்தை, கறை எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் ஊறும்படி விட்டு உலர்த்துங்கள். அம்மோனியா கலந்த திரவம் சிறுநீர் வாசனையையே நினைவூட்டும். வெளுப்பான் சிறுநீருடன் சேர்ந்து நச்சுவாயுவை உண்டாக்கும். நீராவியோ சுடுநீரோ கறையை நிலைக்கச் செய்யும். எந்தத் திரவமானாலும் துணியில் தண்ணீர் படலாமா என்பதை இருக்கையின் அடியில் தைத்திருக்கும் பராமரிப்புக் குறிப்பில் பார்த்துவிட்டு, மறைவான ஓரத்தில் சோதித்துப் பயன்படுத்துங்கள். மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். ஆண் பூனை சிறுநீர் வராமல் முக்கித் தவித்தால், சோபாவை விட்டுவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும்.

ஒட்டிய முடியை ஈரமான ரப்பர் கையுறையால் ஒரே திசையில் தடவினால் உருண்டு வந்துவிடும். ஏதேனும் ஓர் இடத்தில் நூல் வளையமாக வெளியே வந்திருந்தால் அதைக் கத்தரிக்காதீர்கள். வெட்டிய இடத்திலிருந்து நெசவு பிரியும். நுனி வளைந்த குரோஷே ஊசியை உறையின் உட்புறமிருந்து செலுத்தி, வளையத்தைப் பின்பக்கமாக இழுத்து விட்டு, சுற்றியுள்ள துணியைக் கையால் நீவிச் சமன்படுத்துங்கள். பின்பு அதே இடத்துக்கு நேராக, சில நாள்களுக்கு, கம்பத்தை ஒரு சாண் நெருக்கி வையுங்கள்.